கோசேவகர் சேட் ஜம்னாலால் பஜாஜ்

வணிகத் தொழிலால் பெரும்பொருள் ஈட்டினோர் நம் நாட்டிற் பலர். ஈட்டிய பொருளைக் கொண்டு சத்திரமும் குளமும் கண்டோர் சிலர். பொருளுக்குத் தாம் உடையவரல்லர், பிறர்பொருட்டு அதனைக் காத்துநிற்கும் காரியஸ்தரே என்று உணர்ந்து, அவ்வுணர்ச்சி பிறழாது இறுதிவரை நடந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் வார்தா நகரத்துச் சேட் ஜம்னாலால் பஜாஜ் அவர்கள். பஜாஜ் என்னும் பெயரை இன்று நம் இல்லத்துச் சிறுவர் இருசக்கர வண்டியிலும் மூன்று சக்கர வண்டியிலும் பொறித்திருக்கக் கண்டு அறிவர். அப்பெயருக்குரிய முன்னோர் தம் வாழ்நாளின் கடைசி மாதங்களை ஒரு குடிசையில் வாழ்ந்து, பசுக்களின் பணிக்கு ஒப்படைத்தார் என்பதை அறிந்தோர் குறைவு. வாணிபத்தையும் உழவையும் ஒருங்கே கைக்கொண்ட நம் சங்கத்துக் குடும்பத்தார் அவ்வரலாற்றை அறிந்து பயன்பெறுதல் வேண்டும் என்னும் விருப்பத்தால் அதனை இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

பிறப்பும் சுவீகாரமும்

ராஜஸ்தானத்தில் சீகரைச் சார்ந்த காசி கா பாஸ் என்பது ஒரு சிற்றூர். மணல் மிகுந்து நீர் அருகிய பூமி. அங்கே கனீராம் என்னும் எளிய மார்வாடி வணிகருக்கும் அவர் மனைவியார் பிர்தீபாய்க்கும் 1889-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் நாள் ஜம்னாலால் பிறந்தார். அவ்வூரோடு உறவுபூண்ட சேட் பச்சராஜ் என்பவர் வார்தாவில் பெரிய வியாபாரி. புதல்வரை இழந்த அவர், தம் குலம் விளங்கக் குழந்தையொன்றை நாடிவந்து, ஜம்னாலாலைப் பேரனாகச் சுவீகாரம் செய்துகொண்டார். அப்பொழுது பிள்ளைக்கு வயது ஐந்து. மகனைக் கொடுத்ததற்குப் பொருள் பெறுதலைப் பெற்றோர் விரும்பவில்லை. ஊராருக்கு ஒரு கிணறு வெட்டித்தருதல் போதும் என்றனர் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். தண்ணீரில்லாப் பூமியிற் பிறந்த ஒரு குழந்தையின் பொருட்டு ஊர் முழுவதும் நீர் உண்டது. பிற்காலத்து அவர் செய்த தர்மங்களுக்கெல்லாம் இதனை முதலாவதாக வைத்து எண்ணலாம்.

வார்தாவில் ஜம்னாலால் பெற்ற பள்ளிப்படிப்புச் சிறிதே. கடைக் கணக்கும் சரக்கின் தரமும் ஆளின் குணமும் அறிதலே அவருக்குக் கல்வியாயிற்று. 1902-இல் ஜானகிதேவியாரை மணந்தார். பதினேழு வயதில் ஒரு சோதனை வந்தது. ஒரு கலியாணத்துக்குச் செல்லும்பொழுது நகைகளைப் பூட்டிக்கொள்ளுமாறு பாட்டனார் கட்டளையிட, இளைஞர் மறுத்தார். முதியவர் சினந்து, தம் செல்வத்தைச் சுட்டிக் கடுஞ்சொற் கூறினார். ஜம்னாலால் எதிர்மொழி கூறவில்லை. அச்செல்வத்தில் தமக்கு யாதொரு பாத்தியமும் வேண்டாம் என்று பத்திரம் எழுதிவைத்துவிட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டார். கோபம் தணிந்த பச்சராஜ் ஆளனுப்பி அழைப்பித்து அணைத்துக்கொண்டார். அதன்பின் சிலகாலத்தில், 1907-இல், பாட்டனார் காலஞ்சென்றார். சொத்து முழுவதும் பேரனைச் சேர்ந்தது. ஆயினும் ஒருமுறை கைவிட்ட பொருள் மீண்டும் தம்முடையதாகாது என்ற எண்ணம் அவர் உள்ளத்தினின்று அகலவில்லை. அதனைப் பெருக்குதல் தம் கடமை, பெருக்கியதைப் பொதுநலத்துக்கு வழங்குதல் அதனினும் மேலான கடமை என்று கொண்டார்.

காந்தியடிகளின் ஐந்தாம் புதல்வர்

பருத்தி வாணிபத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு மிகுந்தது. அரசாங்கத்தார் ராய்பகதூர் பட்டமும் கௌரவ மாஜிஸ்திரேட் பதவியும் அளித்தனர். 1915-இல் தென்னாப்பிரிக்காவினின்று மீண்ட காந்தியடிகளை அணுகிப் பழகிய பின் அவர் நெஞ்சம் வேறாயிற்று. 1920-இல் நாகபுரியிற் கூடிய காங்கிரசுக்கு வரவேற்புத் தலைவராக இருந்தபொழுது, தம்மை ஐந்தாம் புதல்வராக ஏற்றுக்கொள்ளுமாறு அடிகளை வேண்டினார், அடிகளும் இசைந்தார். மறுவருஷமே பட்டத்தை அரசாங்கத்துக்குத் திருப்பிவிட்டார். வக்கீல் தொழிலைத் துறந்து தேசப்பணிக்கு வந்தவர்களின் ஜீவனத்துக்கென ஒரு லக்ஷம் ரூபாய் வழங்கினார். காங்கிரசின் பொக்கிஷதாராகப் பலவாண்டுகள் கணக்கை நேர்மையுடன் காத்தார். 1923-இல் நாகபுரிக் கொடிப் போராட்டத்திற் சிறைபுகுந்தார்.

பிறரைத் திருத்துவதற்குமுன் தம் வீட்டைத் திருத்துதல் அவர் முறை. 1928-இல், வார்தாவில் தம் குடும்பத்தார் எழுப்பிய லக்ஷ்மீநாராயணர் கோயிலைத் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். தம் கிணறுகளையும் அவ்வாறே திறந்தார். உறவினரும் ஜாதியாரும் பகிஷ்காரம் செய்வதாக அச்சுறுத்தினர், அவர் அஞ்சவில்லை. ஜாதிச் சங்கத்தின் ஏட்டில் இதனை எழுதும் நாம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் தகும். தம் குலத்தாரோடு உறவை அறுத்துக்கொள்ளாமலே அவர்தம் பிழையை எடுத்துக்காட்டியவர் அவர். குலத்துக்குப் பெருமை தருவோர் இத்தகையோரே.

1934-இல் தம் தோட்டமொன்றையும் அதிலிருந்த மாளிகையையும் அகிலபாரத கிராமக் கைத்தொழிற் சங்கத்துக்குக் கொடுத்தார். அதுவே மகன்வாடி எனப் பெயர்பெற்றது. தஞ்சையிற் பிறந்து, லண்டனிற் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராக இருந்த நம் தமிழர் ஜே. சி. குமரப்பா அவர்கள் அங்கே அமர்ந்துதான் கிராமப் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். பின்னர் காந்தியடிகள் குடியேறிய சேவாகிராமமும் பெரும்பகுதி ஜம்னாலாலுக்கு உரிய பூமியே. வார்தா என்னும் சிறுநகரம் பாரத தேசத்துக்கே ஒரு கண்ணாக விளங்கியதற்கு இவ்வணிகரின் திறந்த கையே காரணம் எனின் மிகையாகாது.

பசுப்பணியில் இறங்கியது

தனிநபர் சத்தியாக்கிரகத்திற் சிறைசென்ற ஜம்னாலால், உடல்நலம் குன்றி 1941-இல் விடுதலையானார். அவர்க்கு வயது ஐம்பத்தொன்று. அரசியல் அலுத்தது, வாணிபத்தை மக்களும் மருமக்களும் பார்த்துக்கொண்டனர். மனத்துக்கு அமைதி தரும் ஒரு தொண்டை நாடி அடிகளிடம் சென்றார். பேசியபின் இருவரும் தேர்ந்தது கோசேவை. அவ்வாண்டு செப்டம்பர் மாத இறுதியில் கோசேவா சங்கம் தொடங்கப்பெற்றது. ஜம்னாலால் அதன் தலைமையை ஏற்றார். கோடீசுவரராகிய அவர், வார்தாவை அடுத்த கோபுரியில் ஒரு குடிசை அமைத்து அங்கேயே வாழலானார். பசுக்களைத் தம் கையாலே தேய்த்தும் தடவியும் பணிசெய்தார்.

பசுவைப் போற்றும் நாட்டில் பசுவுக்கு ஒரு சங்கம் எதற்கு என நம்மவர் சிலர் வினவலாம். காரணம் கூறுவாம். வார்தாப் பிரதேசத்துக்கு உரிய மாட்டினம் கவ்லாவ் எனப்படும். வார்தா ஜில்லாவின் ஆர்வி வட்டமும், அதனைச் சூழ்ந்த நாகபுரி, சிந்த்வாரா, சிவனி, பாலாகாட் பகுதிகளும் அதன் தாயகம். வெண்ணிறமும் நீண்ட முகமும் இலேசான உடற்கட்டும் உடையது. தோற்றத்தில் ஆந்திர நாட்டு ஓங்கோல் இனத்தை ஓரளவு ஒக்கும். இவ்வினத்து எருதுகள் ஓட்டத்திற் சிறந்தவை. மராட்டியர் தம் சேனைக்கு வேண்டிய பொருள்களை விரைந்து கொண்டுசெல்ல இவற்றையே பயன்படுத்தினர் என்பர். கரிசல் மண்ணில் பருத்தி பயிரிடும் குடியானவனுக்கு இவ்வெருதே ஏரும் வண்டியுமாக இருந்தது.

ஆனால் எருதைப் போற்றியவன் அதனை ஈன்ற பசுவைப் போற்றவில்லை. பால் வேண்டின் எருமையை வாங்கினான். பசுவின் பாலில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே கொழுப்பு. எருமைப்பாலிலோ ஏறக்குறைய ஏழு பங்கு. நெய்க்கடைக்காரன் கொழுப்புக்கே விலை கொடுத்தான். நகரத்து மக்கள் கெட்டியான பாலையே விரும்பினர். ஆகவே பருத்திவிதையும் பிண்ணாக்கும் எருமையின் தொட்டிக்குச் சென்றன. பசு காய்ந்த புல்லை மேய்ந்து எலும்பும் தோலுமாயிற்று. இளைத்த பசு ஈன்ற கன்றும் இளைத்தது. எருமைக் கடாவோ அந்நாட்டு வெயிலில் ஏர் உழ உதவாது. அது பிறந்தவுடனே பட்டினியால் மடிந்தது. இங்ஙனம் ஒரு வீட்டில் இரு ஜாதி மிருகங்களை வைத்து, ஒன்றன் பெண்ணையும் மற்றொன்றன் ஆணையும் மட்டும் காத்து, எஞ்சியவற்றைப் பாழாக்கும் வழக்கம் பரவியது. பசுவைத் தெய்வம் என்று கும்பிட்ட கையே அதன் தீனியைப் பறித்தது.

இந்நிலையைக் கண்ட ஜம்னாலால் குடியானவனை வையவில்லை. வணிகராதலின் அவர்க்கு ஓர் உண்மை விளங்கிற்று. விற்பவன், வாங்குவோன் விரும்பும் சரக்கையே கொணர்வான், குற்றம் கொள்வோனுடையது. ஆதலின் சங்கத்தின் விரதம் முதலில் உண்போரையும் செல்வரையும் நோக்கி எழுந்தது. உறுப்பினராவோர் பசுவின் பாலும் நெய்யுமே உட்கொள்ளுதல் வேண்டும்; தோற்பொருள் வேண்டின் தானாக இறந்த மாட்டின் தோலையே கொள்ளுதல் வேண்டும் என விதி செய்யப்பட்டது. விருந்துக்குப் போன இடத்திலும் இதனைக் காத்தல் எளிதன்று. எருமை நெய்யிற் செய்த பண்டங்கள் நிறைந்த பந்தியில் ஒருவர் கைகட்டி அமர்ந்திருந்தால், வீட்டுக்காரர் மறுநாளே பசுநெய் தேடுவார். இதுவே அவ்விதியின் உட்கருத்து.

தோலைக் குறித்த விதியிலும் ஆழ்ந்த பொருள் உண்டு. வார்தாவை அடுத்த நால்வாடியில் இறந்த மாட்டின் தோலைப் பதனிடும் சாலையொன்று நடைபெற்றது. இறந்தபின்னும் மாடு தன் தோலாலும் எலும்பாலும் பொருள் தருமாயின், உயிரோடிருக்கும் கிழமாட்டைக் காக்க அது உதவும் என்பது காந்தியடிகளின் கணக்கு. இத்தொழிலை இழிந்ததென்று நம்மனோர் ஒதுக்கியமையாலன்றோ அதனால் வரும் வருவாயும் கைவிட்டுப் போயிற்று! கோசாலைகள் கிழப்பசுக்களை அடைத்துவைக்கும் பட்டியாக மட்டும் நில்லாது, நல்ல பொலிகாளை வளர்க்கும் இடமாகவும், தூய பால் கிடைக்கும் இடமாகவும் மாறவேண்டும் என்று சங்கம் வற்புறுத்தியது. அந்தந்த நாட்டுக்குரிய இனத்தையே தெரிந்தெடுத்து, பெண் பால் தரவும் ஆண் ஏர் இழுக்கவும் தக்கவாறு பேணி, ஒரே இனத்தால் இரு பயனும் அடைய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

மறைவு

1942 பெப்ருவரி முதல் நாளில் வார்தாவில் கோசேவா மகாநாடு கூடியது. ஜம்னாலால் ஓயாது உழைத்தார். பத்து நாட்கள் கழிந்தன. அம்மாதம் 11-ஆம் நாள் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, சில மணி நேரத்திற்குள் அவர் ஆவி பிரிந்தது. வயது ஐம்பத்திரண்டு. சங்கம் தோன்றி ஐந்து மாதங்களும் நிரம்பவில்லை. கோபுரியிலேயே அவர் உடல் தகனம் செய்யப்பெற்றது. ஜானகிதேவியார் கணவரோடு தாமும் உயிர்விடத் துணிந்தபொழுது, அவர் விட்டுச்சென்ற பணியை மேற்கொள்ளுதலே உண்மையான உடன்கட்டை என்னும் கருத்தைக் காந்தியடிகள் அறிவுறுத்தினார். அம்மையார் தம் சொந்தச் செல்வத்தை அப்பணிக்கு ஈந்து, சங்கத்தின் தலைமையையும் தாங்கினார். 1956-இல் பத்மவிபூஷண் விருதுபெற்று, 1979-இல் காலமானார். 1980-இல் கோபுரியில் வினோபா அடிகள் திறந்துவைத்த கீதாயீ மந்திரம் ஜம்னாலாலின் நினைவைக் கற்பலகைகளில் தாங்கி நிற்கின்றது.

பிற்கால நிலை

ஜம்னாலால் கண்ட போட்டி பசுவுக்கும் எருமைக்கும் இடையே நிகழ்ந்தது. அவர் காணாத போட்டி இரண்டு பின்னர் வந்தன. ஒன்று எந்திர ஏர். மற்றொன்று கலப்பினப் பசு. டிராக்டரும் லாரியும் பெருகவே, ஓடும் எருதுக்கு இருந்த விலை போயிற்று. எருதின்பொருட்டே காக்கப்பட்ட இனங்களுக்கு இது வேரில் விழுந்த வெட்டாயிற்று. 1960-களிலிருந்து ஜெர்சி, ஹோல்ஸ்டீன் முதலிய மேல்நாட்டுக் காளைகளின் விந்தைக் கொண்டு நம் பசுக்களைச் சினைப்படுத்தும் முறை நாடெங்கும் பரவிற்று. பால் பெருகியது உண்மை. கடன்பட்ட குடியானவன் வேளைக்குச் சில லிட்டர் மிகுதியாகக் கறக்கும் பசுவைத் தேர்ந்தான் எனின் அவனைப் பழித்தல் நியாயமன்று. குழந்தைகளுக்குப் பாலும் வீட்டுக்கு வாரந்தோறும் ரொக்கமும் அப்பசுவால் வந்தன.

ஆயினும் அதன் விலையையும் எண்ணுதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நம் நாட்டு மாடுகள் ஏறக்குறைய 19.25 கோடி. அவற்றுள் அயலினமும் கலப்பினமும் 5.04 கோடி, நாட்டு மாடுகள் 14.21 கோடி. 2012-ஐ நோக்க முன்னவை நூற்றுக்கு 27 அளவு பெருகின. பின்னவை நூற்றுக்கு 6 குறைந்தன. நாட்டு மாடுகள் என்னும் பெருந்தொகையிலும் பெரும்பாலானவை இன்ன இனமென்று கூறவியலாதவை. வெயிலைத் தாங்குதல், அற்ப தீனியில் உயிர்வாழ்தல், உண்ணி முதலியவற்றை எதிர்த்தல் ஆகிய குணங்கள் பல நூறு தலைமுறைகளில் ஊறியவை. ஓர் இனம் அழிந்தபின் அக்குணங்களை விலைகொடுத்து வாங்கும் சந்தை எங்கும் இல்லை.

இதனை உணர்ந்து அரசாங்கத்தார் 1984-இல் கால்நடை மரபுவள நிலையங்களை நிறுவினர். அவை பின்னர் கர்னாலில் ஒரு தேசிய நிலையமாயின. இனங்களைப் பதிவுசெய்யும் பணி அங்கே நடைபெறுகின்றது. கவ்லாவும் பதிவுபெற்ற இனங்களுள் ஒன்று. வார்தா ஜில்லாவில் ஹேட்டிகுண்டி என்னுமிடத்தில் அவ்வினத்துக்கென அரசாங்கப் பண்ணை உண்டு. 2014-இல் நாட்டினங்களின்பொருட்டு ராஷ்ட்ரீய கோகுல திட்டம் தொடங்கப்பட்டது. இவையெல்லாம் நல்லனவே. ஆனால் பண்ணையில் நூறு மாடு நிற்றல் வேறு. குடியானவன் தொழுவத்தில் நின்று அவனுக்குப் பயன்படுதல் வேறு. முன்னது வித்தைக் காக்கும். பின்னதே இனத்தை வாழ்விக்கும்.

நாம் செய்யத்தக்கது

ஜம்னாலாலின் வாழ்க்கையினின்று நம் சங்கத்தார் கொள்ளத்தக்கது யாது? அவர் அன்று கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. வாங்குவோன் விருப்பமே தொழுவத்தில் எம்மாடு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கின்றது. நாட்டினத்தைக் காக்குமாறு ஏழை உழவனுக்கு உபதேசம் செய்துவிட்டு, நாம் மலிவான பாலை வாங்கி உண்ணுதல் தகாது. குறைந்த பால் கறக்கும் பசுவைக் காத்தலால் வரும் நஷ்டத்தை அவன் ஒருவனே தாங்குமாறு விடுதல் தர்மமும் அன்று, கணக்கும் அன்று. அந்நஷ்டத்தில் ஒரு பங்கை வாங்கும் நாம் ஏற்றல் வேண்டும்.

நம்மவர் மணவிழாவிலும் காதணி விழாவிலும் செலவிடும் திரவியத்தில் ஒரு சிறு பகுதியேனும் நாட்டினப் பொலிகாளை ஒன்றை ஊருக்கு விடுதற்குப் பயன்படலாம். காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, புலிக்குளம், ஆலம்பாடி என நம் தமிழ்நாட்டுக்கும் உரிய இனங்கள் உள. ஒவ்வொன்றும் தன் மண்ணுக்கும் மேய்ச்சலுக்கும் ஏற்ப அமைந்தது. அந்தந்த ஊரார் தத்தம் ஊர்க்குரிய இனத்தைப் பேணுதலே முறை. கோயில்களுக்கும் கோசாலைகளுக்கும் பசுதானம் செய்வோர், தானம் கொடுத்த பசு மறுவருஷம் என்னவாயிற்று என்று கேட்டறிதல் வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கை அழியாது காத்தலும் கோசேவையே. இவற்றுள் எதனையும் செய்ய இயலாதார், நாட்டுப் பசுவின் பாலை நேரே உழவனிடம் உரிய விலைக்கு வாங்குவாராக.

சேட் ஜம்னாலால் விட்டுச்சென்ற ஆலைகளும் கடைகளும் பெருகி வளர்ந்தன. அவர் கடைசியாகத் தொட்ட பணி மட்டும் முற்றுப்பெறாது நிற்கின்றது. கிணறு ஒன்றன் பொருட்டுத் தத்துச் சென்ற பிள்ளை, குடிசை ஒன்றிற் பசுவோடு வாழ்ந்து மறைந்தார். இடையில் வந்த கோடிகள் அவரைத் தடுக்கவில்லை. நம் இல்லங்களில் இளைஞர் வாணிபத்தைக் கற்கும்பொழுது இவ்வரலாற்றையும் கற்பார்களாக. செல்வம் சிறக்க, குலம் சிறக்க, ஆனினம் வாழ்க.